தோசைக்கல்லை எடைக்குப் போடாதீர்கள்!

கல்லில் துருப் பிடித்தது. தோசை ஒட்டியது. உடனே பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுகிறார்கள்.

இது தவறு. துரு மேலே மட்டும்தான். உள்ளே இரும்பு நன்றாகவே இருக்கிறது.

வார்ப்பு இரும்புக்குப் பகை, ஈரம். காவல், எண்ணெய். எண்ணெய் தடவிச் சூடாக்கினால், அது இறுகிக் கறுப்புப் பூச்சாகப் படியும். தோசை ஒட்டாமல் வருவது அதனால்தான்.

பழக்குவது எப்படி?

துருவைத் தேங்காய் நாரால் தேயுங்கள். கழுவியதும் அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்குங்கள். நல்லெண்ணெயை மெல்லத் தடவுங்கள். லேசாகப் புகை வரும்வரை காய்ச்சி, ஆற விடுங்கள். 3, 4 தடவை இப்படிச் செய்தால் கல் பழகிவிடும்.

பிறகு, கல்லைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. சூடான கல்லில் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. விரிசல் விடும். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பை வைத்திருக்கக் கூடாது. புளிப்பு, பூச்சை அரித்துவிடும்.

சோகையும் சட்டியும்

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு இரத்த சோகை!

இரும்புச் சட்டியில் சமைத்தால் உணவில் சிறிது இரும்புச் சத்து சேரும். அது மருந்துக்கு ஈடு ஆகாது. ஆனாலும், வீட்டில் இருக்கும் நன்மையை ஏன் எடைக்குப் போடவேண்டும்?

"யாருக்கு நேரம் இருக்கிறது?" என்று கேட்கலாம். தினமும் 5 நிமிட வேலைதான். அதையும் தாயார் தலையில் கட்டவேண்டாம். தோசை தின்ற கை, கல்லையும் துடைக்கட்டும்!