டியூப்லைட் உபயமும் 96 ஆடும்



நம் ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கேட்டு உங்களுக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருக்கும். கொடுப்பவர் பெயர் கிரானைட் பலகையில் வருமாம். பலகை பதிக்கப்போகும் இடத்தை நேற்று போய்ப் பார்த்தேன். கல்வெட்டு இருக்கும் தெற்குச் சுவர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெயர் போட்டுக்கொள்வது தப்பில்லை. வெளிச்சத்தை மறைத்து டியூப்லைட்டில் 'உபயம்' எழுதுவதைக் கேலி செய்கிறோம். ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனும் தான் கொடுத்ததை, அக்கா குந்தவை கொடுத்ததை, தேவியரும் அதிகாரிகளும் கொடுத்ததைக் கல்லில் வெட்டத்தான் சொன்னான். பெயருக்குப் பிறகு என்ன எழுதினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

வகுப்பில் சொன்னது நினைவிருக்கிறதா? அங்கே ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடு. ஆடுகளை இடையரிடம் ஒப்படைப்பார்கள். அவர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு கழிந்தாலும் குட்டிகளால் மந்தை குறையக் கூடாது. அதனால் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு பெற்றவர் யார், அவருக்குப் பிணை நின்ற உறவினர் யார், எந்தப் படியால் அளக்க வேண்டும் எல்லாம் சுவரில் இருக்கிறது. காசாகக் கொடுத்தால் ஊர்ச் சபைகளுக்கு ஆண்டுக்கு 12½ சதவீத வட்டிக்குக் கொடுத்து, அந்த வட்டியில் செலவை நடத்தினார்கள்.

அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். சேர, பாண்டியரிடம் போரில் பிடித்த செல்வமும் அந்தக் கொடையில் உண்டு. அதையும் மறைக்காமல் வெட்டியிருக்கிறார்கள். ஆக, அது விளம்பரமல்ல, கணக்கு. விளக்கு அணைந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்று சுவரே சொல்லும்.

நம் கோயில் பழைய பலகையில் என் பெயரும் இருக்கிறது. ஆனால் மாதக் கடைசியில் எண்ணெய்க்குக் குருக்கள்தான் கைக்காசு போடுகிறார். அந்தப் பலகையைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.

கமிட்டியில் இருக்கும் என் மாணவர்களே, வாத்தியார் குறுக்கே பேசுகிறார் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். பலகையை மதில் சுவரில் பதியுங்கள். கல்வெட்டின் மேல் பெயிண்டும் வேண்டாம், டைல்ஸும் வேண்டாம். வசூலில் ஒரு பகுதியை வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டு, வட்டியை எண்ணெய்க்கு என்று ஒதுக்குங்கள். அதற்கு என் ஒரு மாதப் பென்ஷனைத் தருகிறேன்.

என் பெயரைத் தாராளமாகப் போடுங்கள். பக்கத்திலேயே தினமும் எவ்வளவு எண்ணெய், யார் பொறுப்பு என்றும் போடுங்கள்.