வண்டி போச்சு, பேரு போகலையே!

பழைய காரை விற்கப் போகிறவருக்கு நம்ம ஊரில் ஆயிரம் யோசனை சொல்வார்கள். பாலிஷ் போடு, சீட் கவரை மாத்து, டயருக்குக் கறுப்பு அடி, முதல் ஆள் கேட்கிற விலைக்குக் கொடுத்துடாதே... பேப்பர் என்று வந்தால் மட்டும் எல்லாருக்கும் ஒரே பதில்தான். "அதெல்லாம் வாங்குறவர் பாத்துக்குவார் சார். நீங்க ரெண்டு ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுங்க, போதும்."

அந்த ரெண்டு ஃபாரம் எது? படிவம் 29, வண்டியை விற்றாகிவிட்டது என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குச் சொல்லும் அறிவிப்பு. படிவம் 30, பெயரை மாற்றித் தரச் சொல்லும் விண்ணப்பம். வாங்குபவர் பெயர் இல்லை, தேதி இல்லை, வெறும் கையெழுத்து. அதை ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து, ரெண்டு சாவியையும் கொடுத்துவிட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். கையெழுத்துப் போட்ட பிளாங்க் செக்கை முன்பின் தெரியாதவரிடம் யாராவது கொடுப்பார்களா? பத்து ரூபாய் மீதிச் சில்லறைக்கு பஸ்ஸில் கண்டக்டர் பின்னாலேயே போகிறவர்கள், இதை மட்டும் சிரித்துக்கொண்டே செய்கிறார்கள்.

வாங்கியவர் உடனே பெயர் மாற்றினால் பிரச்சினையே இல்லை. ஆனால் முதலில் வாங்குகிறவர் பல சமயம் புரோக்கர் அல்லது கன்சல்டிங் கடைக்காரர். அவருக்கு அந்தக் காரை ஓட்டும் எண்ணமே கிடையாது, ரெண்டு மாதத்தில் லாபம் வைத்துத் தள்ளிவிட வேண்டும். தன் பெயருக்கு மாற்றினால் கட்டணம் போகும், அலைச்சல் வேறு. அதைவிட முக்கியம், ஆர்.சி.யில் ஓனர் எண்ணிக்கை ஒன்று கூடும். "சிங்கிள் ஓனர் வண்டி சார்" என்று விளம்பரம் செய்ய முடியாது, விலை இறங்கும். அதனால் அந்த நிரப்பாத படிவங்கள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு அப்படியே போகின்றன. இதில் அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்வதற்கில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர்கள் செய்வது சரியான வியாபாரம்தான். அந்த வியாபாரத்தின் ரிஸ்க் முழுவதையும் சம்பளம் வாங்காமல் சுமக்கிறவர் முதலில் விற்றவர், அவ்வளவுதான்.

பி.காம். படிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. 1930-ம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டப்படி பார்த்தால், ரெண்டு பேரும் பேசி முடித்து, பணம் கைமாறி, பொருளையும் ஒப்படைத்தால் அது வாங்கியவருக்குச் சொந்தம். மிக்சிக்கும் அப்படித்தான், மாட்டுக்கும் அப்படித்தான், காருக்கும் அப்படித்தான். ஆனால் 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் பிரிவு 2(30)-ஐத் திறந்தால், யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர். ஆக ஒரே காருக்கு ஒரே நேரத்தில் ரெண்டு சொந்தக்காரர்கள். ஒருவர் ஓட்டுகிறார், இன்னொருவர் பதில் சொல்கிறார்!

இது பரீட்சைக்குப் படிக்கிற விஷயம் மட்டும் இல்லை. வட இந்தியாவில் ஒருவர் 2007-ல் தன் காரை விற்றார். அது அடுத்தடுத்து பல கை மாறியது. பெயரை மட்டும் யாருமே மாற்றவில்லை. 2009-ல் அந்தக் கார் மோதி ஒருவர் இறந்துபோனார். நஷ்டஈட்டை யார் கொடுப்பது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. கார் யார் யாரிடம் போனது என்று அடிபட்ட குடும்பம் ஒவ்வொருவராகத் தேடிக்கொண்டு அலைய முடியாது என்பது அதற்குச் சொன்ன காரணம். விற்றவர் பக்கம் நின்று பார்த்தால் அநியாயமாகத்தான் தெரியும். ஆனால் செத்தவரின் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் வேறு எப்படித் தீர்ப்புச் சொல்ல முடியும்?

நஷ்டஈடாவது பணத்தோடு போகும். 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முதல் நாள், கோவை உக்கடம் பக்கம் கோயிலுக்கு முன்னால் வெடித்த கார் பல கை மாறிய பழைய மாருதி 800. 2025 நவம்பர் 10-ல் டெல்லி செங்கோட்டை அருகே வெடித்ததும் அதேபோல் கை மாறிய ஐ20. ரெண்டிலும் போலீஸ் பதிவு எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் கிளம்பியது. எப்போதோ காரை விற்றுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கதவைப் போலீஸ் தட்டினால் எப்படி இருக்கும்!

"அதுக்குத்தான் டெலிவரி நோட் எழுதி வாங்குறோமே" என்பார்கள். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, இத்தனாம் தேதி இத்தனை மணி முதல் வண்டியால் வரும் எல்லாவற்றுக்கும் வாங்கியவரே பொறுப்பு என்று எழுதும் தாள். எழுதி வாங்கத்தான் வேண்டும். போலீஸிடம் காட்ட உதவும், வாங்கியவர் மேல் பின்னால் வழக்குப் போடவும் உதவும். ஆனால் அது ரெண்டு பேருக்குள் நடந்த ஒப்பந்தம். காரில் அடிபட்ட மூன்றாவது ஆளை அது கட்டுப்படுத்தாது. ஒப்பந்தச் சட்டத்தின் பாலபாடம் இது.

யாரும் கண்டுகொள்ளாத விஷயம், அந்தப் படிவம் 29 விற்பவர் கொடுக்க வேண்டிய அறிவிப்பு. சட்டத்தின் பிரிவு 50 அப்படித்தான் சொல்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் தெரிவிக்க வேண்டும், 30 நாளுக்குள் வாங்கியவர் தெரிவிக்க வேண்டும். அதாவது முதல் கடமை விற்றவருடையது. அதைத் தூக்கி வாங்குகிறவர் கையில் கொடுத்துவிட்டு "அவர் பாத்துக்குவார்" என்பது, பரீட்சைக்குப் பக்கத்து வீட்டுப் பையனை அனுப்புவது மாதிரி :-) படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடாமல் நிரப்பி, வாங்குபவரின் அடையாள அட்டை நகலோடு, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சாவி கொடுக்கும் நாளிலேயே ரெண்டு பேரும் சேர்ந்து பரிவாஹன் தளத்தில் விண்ணப்பத்தைப் போட்டுவிடுவது இன்னும் நல்லது. பெயர் மாறும்வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கச் சொல்லி விற்பவரே கேட்கலாம். கேட்டால் விநோதமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

அரசாங்கத்தின் மேலும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். 2022 டிசம்பரில் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. அங்கீகாரம் பெற்ற பழைய வாகன டீலரிடம் காரை விட்டுவிட்டு, அதைப் படிவம் 29சி மூலம் தெரிவித்தால், அதன்பிறகு அந்த டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். 2023 ஏப்ரலிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. நல்ல விதி. ஆனால் பக்கத்துத் தெருக்காரருக்கு நேரடியாக விற்பவருக்கு இந்தப் பாதுகாப்பு ஏன் இல்லை? கலிபோர்னியாவில் விற்றவர் 5 நாளுக்குள் ஓர் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அந்தப் படிவத்தின் பெயரிலேயே 'பொறுப்பு விடுவிப்பு' என்று இருக்கிறது. இங்கே ஆதாருக்கும் பேங்குக்கும் ஓ.டி.பி. அனுப்பத் தெரிந்த அரசுக்கு, வாங்கியவர் போனுக்கும் ஒரு ஓ.டி.பி. அனுப்பி, அவர் ஒப்புக்கொண்ட நிமிடமே பொறுப்பை அவர் தலைக்கு மாற்றுவது பெரிய வேலையா?

இன்சூரன்ஸ் விஷயத்திலும் ஒரு குழி இருக்கிறது. கார் கைமாறினால் மூன்றாம் நபர் காப்பீடு தானாகவே வாங்கியவருக்குப் போய்விடும். அதனால் பாலிசி உயிரோடு இருக்கும்வரை விற்றவருக்குப் பெரிய ஆபத்தில்லை. அடுத்த வருடம் வாங்கியவர் பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டால்தான் விபரீதம். பெயர் பழையவருடையது, பாலிசி யாருடையதும் இல்லை. காருக்கே ஏற்படும் சேதத்துக்கான காப்பீடோ, பாலிசியில் பெயர் மாற்றினால்தான் வாங்கியவருக்குக் கிடைக்கும். நோ கிளெய்ம் போனஸ் மட்டும் விற்றவருக்கே சொந்தம். அதிகபட்சம் 50 சதவீதம் வரை இருக்கும். சான்றிதழ் வாங்கிவைத்து அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். விட்டுவிடாதீர்கள்.

கடனில் வாங்கிய காரென்றால் பேங்கின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கொடுத்து ஆர்.சி.யில் இருக்கும் அடமானப் பதிவை முதலில் நீக்க வேண்டும். வேறு மாநிலத்துக்குப் போகும் வண்டிக்குப் படிவம் 28.

பணம் வாங்குவதிலும் கவனம் தேவை. ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்ற வருமான வரி விதி 2017-ல் வந்தது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் வாங்கியவருக்கு. இங்கே பணம் வாங்கியவர் காரை விற்றவர்தான்! 2024 டிசம்பரில் பழைய காருக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று வாட்ஸ்அப்பில் ஒரே கூக்குரல். அது ஜி.எஸ்.டி. பதிவு உள்ள வியாபாரிக்கு, அதுவும் அவருடைய லாபத்தின் மேல் மட்டும். சொந்தக் காரை விற்கும் சாதாரண ஆளுக்கு அந்த வரி கிடையாது.

ஃபாஸ்டாக்கையும் மறந்துவிடக் கூடாது. அந்த ஸ்டிக்கர் கண்ணாடியில் ஒட்டியிருந்தாலும் பணம் போவது விற்றவரின் கணக்கிலிருந்துதான். டெலிவரி கொடுக்கும் அன்றே பேங்கில் சொல்லி மூடிவிட வேண்டும். ரெண்டு வாரம் கழித்து எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். பெயரில் பாதி எழுத்தை மறைத்துத்தான் காட்டும். இருந்தாலும் தன் பெயர் இன்னும் அங்கே இருக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க அந்தப் பாதி எழுத்து போதும்.