சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

அமெரிக்காவுல பழைய கார் விளம்பரங்களை மேயறவங்களுக்கு இந்த வாசகம் அத்துப்படியா இருக்கும்: "பழைய கொரோலா விலைக்கு ஒரு போர்ஷே!" பொய் இல்லை. 1997 மாடலா வந்தப்போ ஏறக்குறைய 40,000 டாலர் வித்த போர்ஷே பாக்ஸ்டர், இன்னிக்கு அதுல கால்வாசிக்குக் கிடைக்கும். படத்தைப் பாத்ததும் கை அரிக்கும். அதுல தப்பே இல்லை. ஆனா அந்த வாசகத்தை எழுதறவங்க மேல எனக்கு ஒரு தீராத கடுப்பு. அதைக் கொட்டத்தான் இந்தப் பதிவு.

விஷயம் ரொம்ப சிம்பிள். காரோட விலை வருஷா வருஷம் இறங்கும். ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்காது. மெக்கானிக் கூலி இறங்கவே இறங்காது. 40,000 டாலர் காராப் பொறந்தது, 10,000 டாலருக்குக் கை மாறினாலும் பில்லு என்னவோ 40,000 டாலர் காருக்கு உண்டானதைத்தான் நீட்டும். அப்போ அந்தக் குறைஞ்ச விலைக்கு என்ன அர்த்தம்? சலுகையா? மண்ணாங்கட்டி. முந்தின ஓனர் செய்யாம தள்ளிப்போட்ட வேலையெல்லாம் உங்க தலையில கட்டறதுக்கு அவர் தர்ற கழிவு அது.

ஒரு உதாரணத்தை மட்டும் பிரிச்சு மேஞ்சா போதும். ஐ.எம்.எஸ். பேரிங். 1997-லேருந்து 2008 வரைக்கும் வந்த பாக்ஸ்டர், சாதா 911 கார்களோட எஞ்சினுக்குள்ள இன்டர்மீடியட் ஷாஃப்ட்னு ஒரு தண்டு சுத்தும். (டர்போ, ஜிடி3-க்கெல்லாம் வேற எஞ்சின், அதை விட்டுடுவோம்.) கிராங்க் சுத்தறதை வாங்கி, செயின் வழியா கேம் ஷாஃப்ட்டுக்குக் கொண்டுபோறது இந்தத் தண்டோட வேலை. அதோட ஒரு முனையைத் தாங்கறது உள்ளங்கையில அடங்கற ஒரு பேரிங். கிரீஸை உள்ளே வெச்சு சீல் பண்ணினது. நாள்பட சீல் தேயும், எஞ்சின் ஆயில் உள்ளே புகுந்து கிரீஸைக் கழுவிட்டுப் போயிடும். அப்புறம் ஒரு நாள் பேரிங் உடையும். உடைஞ்சா டைமிங் தப்பும், வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும், எஞ்சின் காலி. மாத்து எஞ்சின் போடற செலவு பல சமயம் காரோட விலையையே தாண்டிடும்.

எல்லா கார்லயும் இது உடையும்னு சொன்னா நான்தான் பொய்யன். பெரும்பாலான கார்ல உடையாமலே ஓடிட்டிருக்கு. ஆனா எது உடையும், எது உடையாதுன்னு வெளியேருந்து பாத்து சொல்ல முடியாதே, அங்கதான் வில்லங்கம். பாக்ஸ்டர்ல எஞ்சினையே வெளியேருந்து பாக்க முடியாதுங்கறது தனிக் கதை.

"கேஸ் போட்டாங்களே, கம்பெனியே காசு குடுத்துச்சே"ன்னு ஒரு கூட்டம் வரும். உண்மைதான். 2013-ல அமெரிக்காவுல சமரசம் ஆச்சு. 2001 மே-லேருந்து 2005 பிப்ரவரி வரைக்கும் தயாரான கார்களுக்கு ரிப்பேர் செலவைத் திருப்பித் தர ஒத்துக்கிட்டாங்க. ஆனா கார் ரோட்டுக்கு வந்து 10 வருஷம், 130,000 மைல்னு வரம்பு வெச்சாங்க. அந்த 10 வருஷம் எப்பவோ முடிஞ்சு போச்சு. இன்னிக்கு வாங்கற உங்களுக்கு சல்லிக்காசு பேறாது. மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கதையும் இதேதான். 2004-லேருந்து 2008 வரைக்குமான மாடல்களுக்கு ரோட்டரி எஞ்சின் வாரண்டியை 8 வருஷம், 100,000 மைலுக்கு நீட்டிக் குடுத்தாங்க. அதுவும் முடிஞ்சு பல வருஷம் ஆச்சு. பழைய கார்ங்கறதே எல்லா வாரண்டியும் செத்த பிறகு உங்க கைக்கு வர்றதுதான்.

"முன்னெச்சரிக்கையா பேரிங்கை மாத்திட்டா போச்சு." சரி, மாத்துவோம். பேரிங் பாக்கெட் விலை சில நூறு டாலர். ஆனா அதுகிட்ட போகணும்னா கியர் பாக்ஸை இறக்கணும், கிளட்சைக் கழட்டணும், ஃப்ளைவீலைக் கழட்டணும். அங்க ஆரம்பிக்கும் பாருங்க மெக்கானிக்கோட மந்திரம்: "எப்படியும் கழட்டியாச்சு, இதையும் மாத்திடலாமா சார்?" கிளட்ச் தேய்ஞ்சிருக்கு. பின்பக்க ஆயில் சீல் கசியுது. ஏர் ஆயில் செப்பரேட்டருக்கும் வயசாச்சு. அவரைத் திட்ட முடியாது. அவர் சொல்றது நியாயம். இப்ப விட்டா, அடுத்த வருஷம் அதே கூலியை மறுபடி அழணும். சில நூறு டாலர்னு உள்ளே போனவர் சில ஆயிரம் டாலரை வெச்சுட்டு வெளியே வருவார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு நம்ம ஊர்ல சொன்னது இதைத்தான். 2006-க்கு மேல வந்ததுல பேரிங்கைப் பெருசாக்கினாங்க, உடையறது ரொம்பக் குறைவு. ஆனா அதை வெளியே எடுக்கணும்னா எஞ்சினையே ரெண்டாப் பிரிக்கணும். எப்படி வசதி?

போர்ஷேவை மட்டும் குத்தம் சொல்லி என்ன பண்ண? ஃபெராரி எஃப்355-ல டைமிங் பெல்ட் மாத்தணும்னா எஞ்சினை மொத்தமா வெளியே இறக்கியாகணும். ஒரு ரப்பர் பெல்ட்டுக்கு!

அடுத்த புளுகு, "ரொம்பக் கம்மியா ஓடின வண்டி." இருபது வருஷத்துல 30,000 மைல்தான் ஓடியிருக்காம். ஏதோ பொண்ணு வீட்டு சீதனம் மாதிரி சொல்வாங்க. ரப்பருக்கு மைல் தெரியாது சார், காலண்டர்தான் தெரியும். சீல் காஞ்சு போகும். ஹோஸ் வெடிக்கும். பிளாஸ்டிக் கூலன்ட் டாங்க் விரிசல் விடும். பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தைக் குடிச்சுட்டே இருக்கும். டயர்ல ட்ரெட் பளபளன்னு இருக்கும், பக்கத்துல குத்தியிருக்கற நாலு எண்ணைப் பாருங்க. 3514-னு இருந்தா 2014-ம் வருஷம் 35-வது வாரம் செஞ்ச டயர்னு அர்த்தம். அதை நம்பி வேகமாப் போற காரை ஓட்டப் போறீங்களா?

கடைசி ஆயுதம், "நானே ரிப்பேர் பாத்துக்குவேன்." லிஃப்ட் இருக்கா? கேம் ஷாஃப்ட்டை லாக் பண்ற டூல் இருக்கா? வார இறுதியெல்லாம் கார் அடியில படுத்துக் கிடந்தா வீட்ல இருக்கறவங்க சும்மா விடுவாங்களா? இதெல்லாம் இருந்தா தாராளமாப் பண்ணுங்க, உங்களைப் பாத்தா எனக்குப் பொறாமைதான். ஆனா இந்த விளம்பரம் குறி வெக்கறது உங்களை இல்லை. ரொம்ப நாள் கனவோட, அவசரத்துக்குன்னு சேத்து வெச்ச 10,000 டாலரை மொத்தமா எடுத்துட்டு வர்ற ஆளை. முதல் பெரிய பில்லு வரும்போது அவர்கிட்ட இருக்கறது கிரெடிட் கார்டு மட்டும்தான். அப்புறம் கார் வீட்டு வாசல்ல தார்பாய் போத்தி நிக்கும், வட்டி மட்டும் ஓடிட்டிருக்கும்.

அப்போ பழைய ஸ்போர்ட்ஸ் காரே வாங்கக் கூடாதா? அப்படி யார் சொன்னா? 1989-ல வந்த மாஸ்டா மியாட்டாவைப் பாருங்க. அதோட எஞ்சின் குடும்பம் மாஸ்டாவோட சாதாரண வீட்டு கார்கள்ல ஓடினது. பானெட்டைத் தூக்கினா எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். ஓட்டற சந்தோஷத்துக்கும் ரிப்பேர் பில்லுக்கும் சம்பந்தம் இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை.

போர்ஷேதான் வேணும்னா, அந்தக் காரையே பாக்கற தனி மெக்கானிக்கிட்ட வாங்கறதுக்கு முன்னாடி காட்டுங்க. பேரிங் மாத்தினேன்னு வாயால சொன்னா போதாது, ரசீதைக் கேளுங்க. காசு குடுத்து வாங்கற மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கத்தான் வேணும். அப்புறம் கார் விலையில பாதியைத் தனியா எடுத்து வெச்சுடுங்க. அந்தப் பாதி கையில இல்லைன்னா, நீங்க வாங்கறது கார் இல்லை, இன்னொருத்தரோட கடன்.

பி.கு.: "பழைய ஏர் கூல்டு 911 எல்லாம் விலை ஏறிடுச்சே, இதுவும் ஏறும், இது முதலீடு"ன்னு ஒருத்தர் கண்டிப்பா கிளம்புவார். ஏறலாம். இதுவரைக்கும் ரிப்பேருக்குக் குடுத்த ரசீதையெல்லாம் காட்டச் சொல்லிக் கேளுங்க. இருக்காது. வீட்ல பாத்தா வம்புன்னு கிழிச்சுப் போட்டிருப்பார் :-)