களனி கங்கை: பயன் யாருக்கு, பாரம் யாருக்கு?

ஆறுகளைப் பற்றி எழுதப் புகும் நம்மவர் பெரும்பாலும் காவிரியைப் போற்றுவர். அன்றேல் மகாவலித் திட்டத்தின் ஏக்கர்க் கணக்கை எடுத்துரைப்பர். கொழும்பில் வாழும் நாம் நாள்தோறும் பருகும் நீரைத் தரும் களனி கங்கையோ வெள்ளம் வரும்போது மட்டுமே நினைவுக்கு வருகிறது. அப்போதும் ஒரே வாதந்தான் ஒலிக்கிறது: கரையோரத்தை ஆக்கிரமித்துக் குடியிருப்போரே அழிவுக்குக் காரணம், அவர்களை அகற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது! இவ்வாதம் புவியியலுக்கும் ஒவ்வாது, நீதிக்கும் ஒவ்வாது என்பதே எமது துணிபு.

களனி ஏறத்தாழ 145 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் வடிநிலம் சுமார் 2,300 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் ஊற்றெடுக்கும் மஸ்கெலி ஓயாவும் கெகல்கமு ஓயாவும் இணைந்து களனியாகின்றன. மேல்வடிநிலத்தின் சில பகுதிகளில் ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றரைத் தொடுவதுண்டு. செங்குத்தாக இறங்கிவரும் இந்நீர், அவிசாவளைக்குக் கீழே வேகம் தணிந்து, தாழ்ந்த சமதரையிற் பரந்து, மட்டக்குளிக்கும் வத்தளைக்கும் இடையே கடலிற் கலக்கிறது. அயலிலுள்ள முகத்துவாரம் என்னும் ஊர் தன் பெயராலேயே இதனை அறிவித்து நிற்கிறது. மலையில் நாம் செய்வதன் விளைவு முகத்துவாரத்தில் வந்து சேரும் என்பது புவியியலின் அரிச்சுவடி.

மலையில் நாம் செய்தது யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் காடுகளை அழித்து முதலிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிடப்பட்டன. மழையைத் தாங்கி நின்ற மரச்செறிவு மறைந்தது. மேல்மண் ஆற்றோடு போயிற்று. அடுத்து அதே சரிவுகள் மின்சாரத்துக்குப் பயன்பட்டன. 1950 இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1965 இல் காசல்றீயும் 1969 இல் மவுசாக்கலையும் நீர்த்தேக்கங்களாயின. பழைய மஸ்கெலியா நகரம் நீரின்கீழ் ஆழ்ந்தது. கடும் வறட்சியின்போது அதன் வழிபாட்டுத் தலங்களின் எச்சங்கள் இன்றும் வெளித்தோன்றுவதுண்டு. நாட்டுக்கு ஒளிதந்த அந்த மலைகளில் உழைத்த மக்களோ, 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டனர். அணையின் அருகே அமைந்த லயன் அறைகள் பலவற்றில் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

இனி, கீழ்ப்படுகையை நோக்குவோம். அம்பத்தலையில் எடுக்கப்படும் களனி நீரே தலைநகரின் தாகத்தைப் பெரும்பாலும் தீர்க்கிறது. சப்புகஸ்கந்தையில் 1969 முதல் எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறது. 1980களில் பியகமையில் ஏற்றுமதி வலயம் எழுந்தது. அந்நியச் செலாவணி ஈட்டும் ஆலைகளும் குடிநீர் எடுக்கும் இடமும் ஒரே ஆற்றை அண்டியுள்ளன. 2015 ஓகஸ்ட் மாதத்தில் ஆலையொன்றிலிருந்து கசிந்த டீசல் ஆற்றிற் கலந்தபோது, குடிநீர் எடுப்பதையே நிறுத்திவைக்க நேர்ந்தது. கட்டடங்களுக்காக மணல் வரைமுறையின்றி அள்ளப்பட்டமையால் ஆற்றுப்படுக்கை தாழ்ந்தது. வரட்சிக் காலங்களில் உவர்நீர் அம்பத்தலைவரை ஏறி வந்தமையால், அதனைத் தடுக்க ஆற்றின் குறுக்கே தடுப்பணை வேண்டியதாயிற்று. வெள்ளநீரை ஏந்தி வைத்த சதுப்புநிலங்களோ வீதிகளுக்கும் களஞ்சியங்களுக்கும் குடிமனைகளுக்குமாக நிரப்பப்பட்டன.

இத்தனையும் நிகழ்ந்த பின்னர், கரையிலே பலகை வீட்டில் வாழ்பவனை நோக்கி "நீயே குற்றவாளி" என்கிறோம்! அவன் அங்கு வந்தது ஏன்? துறைமுகத்துக்கும் சந்தைக்கும் அருகே உழைப்பாளரை வேண்டிய நகரம், அவர்கள் தலைசாய்க்க நிலம் ஒதுக்கவில்லை. வெள்ளத்தடுப்பு அணைகள் நகரின் பெறுமதிமிக்க பகுதிகளைக் காத்தன. அணைக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தைக் காப்பார் எவருமிலர். அந்நிலமே ஏழைக்கு எஞ்சியது. 1947, 1989, 2016 ஆகிய ஆண்டுகளின் வெள்ளங்கள் இதனை மீண்டும் மீண்டும் உணர்த்தின. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயலின்போது மலையகத்தில் மண்சரிவும் களனியின் கீழ்ப்படுகையில் பெருவெள்ளமும் ஒருங்கே நேர்ந்தன. தோட்டத்து லயனும் கரையோரக் குடிசையும் ஒரே வடிநிலத்தின் இரு முனைகள் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

கரையோரக் குடியிருப்புகள் சில நீரோட்டத்துக்கு இடையூறானவை என்பதும், அங்கு வாழ்வோருக்கே அவை ஆபத்தானவை என்பதும் உண்மையே. அவர்களுக்கு மாற்றிடம் வேண்டும். ஆனால் தொழிலுக்கு அண்மையில், உறுதிப்பத்திரத்துடன் வழங்கப்படும் வீடே மாற்றிடமாகும். தொலைவிலே தள்ளிவிடுதல் மாற்றிடமாகாது. இடத்தை மாற்றுவதோடு கடமை முடிந்ததென்றும் கொள்ளலாகாது. மலைச்சரிவில் மரம் நடுதல், மணல் அகழ்வைக் கட்டுப்படுத்தல், எஞ்சிய சதுப்பைப் பேணுதல், ஆலைக்கழிவைத் தடுத்தல் ஆகியன ஒரே திட்டத்தின் உறுப்புகளாதல் வேண்டும். களனியின் மின்சாரமும் நீரும் ஈட்டித்தரும் வருவாயில் ஒரு பங்கு, அவ்வடிநிலத்தின் பாரத்தைச் சுமக்கும் மக்களுக்கே உரியதெனச் சட்டம் விதித்தல் வேண்டும்.

பல்கலைக்கழகத்திற் பயில்வோரும் பயிற்றுவோரும் இதிற் கடமையுடையர். வடிநிலத்தின் பரப்பையும் பாய்ச்சலையும் அளந்து கூறுவதோடு நம் புவியியல் நின்றுவிடலாகாது. பயனைப் பெறுவோர் யார், பாரத்தைச் சுமப்போர் யார் என்பதையும் அது அளந்து காட்டட்டும். அக்கணக்கைச் சரிவரப் பார்த்தால், களனிக்குக் கடன்பட்டவர் கரையில் வாழ்பவரல்லர், குழாயைத் திறந்து நீர் பருகும் நாமே என்பது விளங்கும்.