கோயில் பந்தலில் பட்டம் விற்க இடம் கொடுக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. திட்டணும்னா தாராளமா திட்டுங்க, ஆனா கடைசி வரைக்கும் படிச்சிட்டு திட்டுங்க.

போன திருவிழாவில் அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்தில், செருப்பு வைக்கிற இடத்தைத் தாண்டி ஒரு மேசை போட்டிருந்தார்களே, ஞாபகம் இருக்கா? "வீட்டிலிருந்தே எம்.பி.ஏ. ஆறே மாதம். எஸ்.பி.எம். போதும். குறைந்த கட்டணம்" என்று பெரிய பேனர். அன்றைக்குத் தண்ணீர் போத்தல் உபயம் அவர்களுடையது. அதனால் நிர்வாகம் இடம் கொடுத்தது. அந்தத் தண்ணீர்ப் பெட்டிகளை லாரியிலிருந்து இறக்கி வைத்தது தொண்டர்களான நாங்கள்தான். எங்களுக்கும் இதில் பங்கு இருக்கு, மறைக்க விரும்பல.

எங்க குழுவில் ஒரு தம்பி இருந்தார். பேர் வேண்டாம். தொழிற்சாலையில் லைன் லீடர், வயசு முப்பத்து நாலு, படிப்பு எஸ்.பி.எம். டிகிரி இல்லை என்ற ஒரே காரணத்தால் ரெண்டு தடவை எக்சிக்யூட்டிவ் பதவி கைநழுவிப் போனவர். சாம்பார் வாளியைக் கீழே வச்சிட்டு, கையைக் கழுவிட்டு, நேரா அந்த மேசைக்குப் போனார். அடுத்த மாசம் 15,000 வெள்ளி பெர்சனல் லோன். அசைன்மென்ட் எல்லாம் "நாங்களே பார்த்துக்கிறோம்"னு சொல்லியிருக்காங்க. சொன்ன மாதிரியே ஆறு மாசத்தில் பட்டமும் வந்தது. கெட்டித் தாள், தங்க முத்திரை. கம்பெனியில் கொண்டுபோய்க் கொடுத்தார். ஹெச்.ஆர். பத்து நிமிஷத்தில் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துட்டு, "இது பதிவில் இல்லை"ன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க.

லோன் இன்னும் நாலு வருஷம் ஓடும். தம்பி இப்போ கோயிலுக்கு வர்றதில்லை. அவர் வீட்டம்மாவைக் கேட்டா "அவருக்கு நைட் ஷிப்ட் அண்ணே" என்கிறார். அவர் ஷிப்ட் எங்களுக்குத் தெரியாதா?

"சொந்தக் காசு, அவர் இஷ்டம், கோயில் என்ன செய்யும்?" என்று நிர்வாகத்தில் ஒருத்தர் கேட்டார். ஐயா, அந்தத் தம்பி அந்த ஏஜென்ட்டை நம்பல. மேசை போட்டிருந்த இடத்தை நம்பினார். அதே மேசை ஷாப்பிங் மாலில் இருந்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பார். அம்மன் சந்நிதிக்கு நாற்பது அடி தூரத்தில் இருந்ததால் ஒரு கேள்வியும் கேட்கல.

இன்னொருத்தர், "நீங்க படிக்கல, அதான் படிக்கிறவனைப் பார்த்தா பொறுக்கல" என்றார். சரி, நாங்க எஸ்.பி.எம். ஆளுங்கதான். இருபது முப்பது வருஷமா மெஷின் பக்கத்தில் நிற்கிறவங்க. டிகிரி இல்லாம மேலே போக முடியாத வலி எங்களைவிட யாருக்குத் தெரியும்? அதனாலதான் இவ்வளவு கோபம்.

எங்களுக்குத் தெரிஞ்சது டார்கெட் கணக்கு. அதையே போட்டுப் பார்ப்போம். நம்ம நாட்டில் கோர்ஸ் ஒர்க் முறையில் மாஸ்டர் பட்டத்துக்குக் குறைஞ்சது 40 கிரெடிட் வேணும். ஒரு கிரெடிட் என்றால் மாணவர் போடுகிற 40 மணி நேர உழைப்பு. பாடம், படிப்பு, அசைன்மென்ட், பரீட்சை எல்லாம் அதில் அடக்கம். ஆகமொத்தம் 1,600 மணி நேரம். ஆறு மாசத்தில் முடிக்கணும்னா தினமும் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம், ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளியும் சேர்த்து. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிச்சிட்டு எவன் உட்காருவான்? அப்படியென்றால் அந்த உழைப்பை ஏஜென்ட் காகிதத்தில் மட்டும் போடுறான்னு அர்த்தம். தினமும் ரெண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தவருக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். முறையான இடங்கள் அதைத்தான் சொல்லும். நம்ம ஆளுங்களுக்கு அது பிடிக்கிறதில்லை.

அடுத்தது, எஸ்.பி.எம். போதும் என்ற பேச்சு. அனுபவத்தை வைத்துப் படிப்பில் சேர நம்ம நாட்டில் 'ஏபெல்' என்று ஒரு நல்ல முறை இருக்கு. அதில் மாஸ்டர் படிப்புக்குப் போக முப்பது வயசு தாண்டியிருக்கணும், கூடவே எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா அளவில் ஒரு தகுதி வேணும், மதிப்பீட்டிலும் தேறணும். எஸ்.பி.எம். மட்டும் உள்ள தம்பிக்கு ஏபெல் திறக்கிற கதவு டிகிரி படிப்பு. அதற்கு இருபத்தொரு வயசு தாண்டியிருக்கணும், மதிப்பீட்டிலும் தேறணும். எம்.பி.ஏ. அதுக்கு அடுத்த படி. அனுபவத்தை மதிப்பிட்டுப் பட்டமே கொடுக்கிற 'ஏபெல் கியூ' என்ற முறையும் உண்டு. ஆனால் எம்.கியூ.ஏ. அனுமதி பெற்ற நிறுவனங்கள்தான் அதை நடத்த முடியும், அதற்கும் மதிப்பீடு உண்டு. ஏஜென்ட்டுகள் இந்தப் பேரை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தை விட்டுடுறாங்க.

அப்போ குறைந்த செலவில் ஆன்லைன் எம்.பி.ஏ. கிடைக்கவே கிடைக்காதா? கிடைக்கும். ஓப்பன் யூனிவர்சிட்டி மலேசியா 2000-ஆம் ஆண்டிலிருந்து வேலை செய்துகொண்டே படிக்கிறவர்களுக்காக நடக்கிறது. பினாங்கில் வவாசான் ஓப்பன் யூனிவர்சிட்டி இருக்கு. இன்னும் பல இடங்களும் உண்டு. நாங்க யாருக்கும் விளம்பரம் செய்யல, எங்களுக்குக் கமிஷனும் கிடையாது. எந்த இடமானாலும், பணம் கட்டுறதுக்கு முன்னாடி எம்.கியூ.ஏ. வைத்திருக்கும் எம்.கியூ.ஆர். என்ற பதிவேட்டில் தேடுங்க. காசு கிடையாது, கைப்பேசியே போதும். யூனிவர்சிட்டி பேரை மட்டும் பார்க்காதீங்க. நீங்க படிக்கப் போற கோர்ஸின் பேர் அப்படியே, எழுத்து மாறாமல் இருக்கணும். வகுப்பறை முறைக்குக் கொடுத்த அங்கீகாரம் ஆன்லைன், தொலைதூர முறைக்குச் செல்லாது, அதையும் பாருங்க. எண்ணில் 'எஃப்.ஏ.' என்றிருந்தால் முழு அங்கீகாரம், 'பி.ஏ.' என்றிருந்தால் தற்காலிகம். தற்காலிகம் என்பது போலி இல்லை, ஆனால் முழுசா எப்போ கிடைக்கும்னு கேட்டுட்டுச் சேருங்க.

வெளிநாட்டு யூனிவர்சிட்டி என்றால் இன்னும் கவனம். உங்க கம்பெனி ஹெச்.ஆரிடம் முதலில் கேளுங்க, முடிஞ்சா மின்னஞ்சலில் பதில் வாங்குங்க. பட்டம் வாங்கின பிறகு கேட்டு என்ன பிரயோஜனம்?

கட்டணம். பேனரில் போடுவது ஒரு விலை, கடைசியில் கட்டுவது வேற விலை. பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், ஒரு பாடம் போனால் திரும்ப எழுதக் கட்டணம், கூடுதல் செமஸ்டர், பட்டமளிப்பு விழாவுக்கு அங்கி வாடகை வரைக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவுன்னு எழுத்தில் வாங்குங்க. தர மறுத்தால் எழுந்து வந்திடுங்க. நம்ம நாட்டில் அங்கீகாரம் பெற்ற இடத்தில் மாஸ்டர் படித்தால் வருமான வரியில் வருஷத்துக்கு 7,000 வெள்ளி வரை கழிவு உண்டு. இ.பி.எஃப். பணத்தையும் கல்விக்கு எடுக்கலாம். ஆனா அது வயசான காலத்துக் கஞ்சிப் பணம். அதைத் தொடுறதுக்கு முன்னாடி வீட்டில் உட்கார்ந்து பேசுங்க.

இப்போ கசப்பான ஒன்று. போலிப் பட்டத்துக்கு நம்ம கிட்ட இவ்வளவு மவுசு ஏன்? நம்ம கோயில் அழைப்பிதழ்களை எடுத்துப் பாருங்க. எந்த யூனிவர்சிட்டி, எந்த ஆராய்ச்சின்னு யாருக்கும் தெரியாது, பேருக்கு முன்னாடி 'டாக்டர்'. அவங்களுக்கு முதல் மரியாதை, மாலை, பரிவட்டம். காலையில் நாலு மணிக்கு வந்து தேங்காய் துருவுற அம்மாவுக்குப் பேர் கூட அச்சில் வராது. இதைப் பார்த்து வளர்ற பிள்ளை என்ன நினைக்கும்? படிப்பு வேண்டாம், தாள் இருந்தா போதும்னுதானே நினைக்கும்? ஏஜென்ட் வெளியிலிருந்து வந்தான், உண்மை. ஆனா அவன் சரக்கு வாங்க ஆள் தயார் செஞ்சது நாமதான்.

அதனால நிர்வாகத்துக்கு எங்க கோரிக்கை இது. எம்.கியூ.ஆர். பதிவு எண் காட்டாத எந்தக் கல்வி நிறுவனத்துக்கும், எந்த ஏஜென்ட்டுக்கும் கோயில் வளாகத்தில் மேசையும் வேண்டாம், பேனரும் வேண்டாம், அவங்க உபயமும் வேண்டாம். தண்ணீர் போத்தல் செலவை நாங்க தொண்டர்கள் பிரிச்சுப் போட்டுக்கிறோம். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை எழுத்து மூலமா கொடுக்கப் போறோம். ஆதரவு இருக்கிறவங்க கையெழுத்துப் போட வாங்க. எதிர்ப்பு இருந்தாலும் வாங்க, நேரிலேயே பேசுவோம்.

இந்த வெள்ளியிலிருந்து பூஜை முடிஞ்சதும் மண்டபத்துக்குப் பக்கத்து அறையில் ஒரு லேப்டாப் இருக்கும். நம்ம குழுப் பிள்ளைகள் ரெண்டு பேர் உட்கார்ந்திருப்பாங்க. உங்களுக்கோ உங்க பிள்ளைக்கோ யாராவது படிப்பு விற்க வந்தால், அந்தத் தாளைக் கொண்டு வாங்க, பதிவில் இருக்கான்னு சேர்ந்து தேடுவோம். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி வாங்க.

தம்பி, நீங்க இதைப் படிப்பீங்கன்னு தெரியும். சாம்பார் வாளி உங்க இடத்தில்தான் இருக்கு. வாங்க.