கள்ளுண்டார்க்கு அருளுண்டோ?

“குடிப்பவன் தன்னுடலையே கெடுத்துக்கொள்கின்றான், அதனாற் பிறர்க்கு வருங் கேடு யாது?” என வினவுவார் பலர். காலையில் நீறணிந்து பூசை முடித்து மாலையில் மதுக்கடை நாடுவாருள்ளும் இங்ஙனங் கூறுவார் உளர். இக்கூற்றின் பொய்ம்மையைக் காட்டுதற்கு அறநூல்களைத் தேடிச்செல்லல் வேண்டா; மூளையை ஆராய்வார் கண்டவையே போதும்.

பிறர் நோவக் கண்டுழி உள்ளம் நோதல் வெறுஞ் சொல்வழக்கன்று. 2004இல் இலண்டனில் தானியா சிங்கர் முதலியோர், தம் அன்பர்க்கு மின்னதிர்ச்சி தரப்படுதலை அறிந்திருந்த மகளிரின் மூளையை ஆராய்ந்தனர். தமக்கே நோவு நேருங்காற் றொழிற்படும் பகுதிகளுட் சில அப்பொழுதுந் தொழிற்பட்டன. தன்னோவை உணருங் கருவியே, ஒருவாற்றான், பிறன்நோவை உணர்தற்குங் கருவியாகின்றது.

மதுவோ நோவை மழுக்குவது. உடல்வலி தீரக் குடிக்கின்றோம் என உழைப்பாளர் சொல்வது பொய்யன்று. ஆயினும் அம்மழுக்கம் குடித்தவன் மேனியளவில் நின்றுவிடுவதில்லை. 2024இல் அமெரிக்க ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்துப் பிராட் புஷ்மன் முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்குச் சான்றாம். 543 பேரும் 327 பேருமாக இரு தொகுதியினரைக் கூட்டி, சிலர்க்கு மது கலந்த பழச்சாறும் ஏனையோர்க்கு மதுவின் மணம் மட்டுமுடைய சாறும் அளித்தனர். பின்னர்க் கண்ணிற் காணாத எதிராளியோடு விளையாடச் செய்து, தோற்றவனுக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் உரிமையும் நல்கினர். மதுவுண்டு தன்னோவுணர்ச்சி குன்றியவர்களே கடிய அதிர்ச்சியை நெடும்பொழுது கொடுத்தார்கள். அவர்கள் கொடியவரல்லர், நண்பரோடு கூடிக் குடிக்கும் பொதுமக்களே.

அற்றேல், “மழுங்கியது மூளைதானே, உயிர்க்கென்ன இழுக்கு?” எனின், அது சித்தாந்தம் அறியார் கூற்றாம். பெத்தநிலையில் உயிர் கருவிகரணங்களின் வழியன்றி ஒன்றனையும் அறியமாட்டாது. சார்ந்ததன் வண்ணமாதலும் அதன் இயல்பு. கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து வழியிற் கிடந்த குழந்தையை மிதித்தவன், “என் உயிர் குருடன்று” என்பானாயின், அச்சொல் அக்குழந்தைக்கு யாது பயன் தரும்? கட்டிய கையும் அவனதேயன்றோ?

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எனத் தொடரும் பெருஞ்சாலையின் இருமருங்கும் உள்ள தெருக்களில் இரவிற் குடித்து வருவார்க்கு, இல்லாளின் அழுகை செவியிற் படும், நெஞ்சிற் படாது. மறுநாட் காலையில் அவள் கையிலுள்ள காயத்தைக் கண்டு, “இது யாங்ஙனம் வந்தது?” என்று வினவுவாரும் உண்டு. 1937இற் சேலத்திற் றொடங்கி 1948இல் மாகாணமெங்கும் பரவிய மதுவிலக்கு 1971இல் தளர்ந்தது. 2003இல் சில்லறை விற்பனையையும் அரசின் டாஸ்மாக் கழகமே மேற்கொண்டது. அவ்வருவாயால் ஏழைக்கு உதவுகின்றோம் என்பார், அவ்வேழையின் இரக்கத்தை அவித்தன்றோ அப்பொருளை ஈட்டினர்!

தாம்பரத்துக்கு அணித்தாயுள்ள குன்றத்தூர் சேக்கிழார் பெருமான் பிறந்த ஊர். கன்றிழந்த பசுவின் நோவைத் தன்னோவாகக் கொண்டு மகனையே தேர்க்காலிலிட்ட சோழன் வரலாற்றை அவர் தம் புராணத்தின் முற்பகுதியிலேயே வைத்தனர். அதனைக் கேட்டுக் கண்ணீருகுத்த அடியவர் ஒருவர், அன்றிரவே குடித்து வந்து தம் மனைவியின் நோவை அறியாராயின், அவர் கேட்டது பசுவின் துயரையோ, படித்தவரின் குரலினிமையையோ?