பீட்ஸா மேல் என்ன கோபம்?

கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்காலிலிருந்து ரமணாசிரமம் பக்கம் போனால், செங்கம் ரோட்டில் பீட்ஸா, பாஸ்தா போர்டுகள் கண்ணில் படும். வெளிநாட்டு பக்தர்களுக்காக வந்த இத்தாலி சாப்பாடு, நம் பிள்ளைகளுக்கும் பிடித்துப்போய்விட்டது. 'கிரிவலம் வர்ற ஊர்ல இதெல்லாம் எதுக்கு?' என்று பெரியவர்கள் ஒரு பக்கம்... 'பர்த்டேக்கு அங்கதான் போகணும்' என்று பிள்ளைகள் ஒரு பக்கம். வீட்டுக்கு வீடு பட்டிமன்றம்தான்!

கோபத்தை ஒதுக்கிவிட்டு, தட்டைப் பாருங்கள். இத்தாலி பாஸ்தா பெரும்பாலும் கெட்டிக் கோதுமை ரவையில் செய்வது. நம் சேமியாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி! மைதா ரொட்டியைவிட மெதுவாகத்தான் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். நேப்பிள்ஸ் பீட்ஸாவிலும் மெல்லிய மாவு, தக்காளி, அளவான சீஸ்... அவ்வளவுதான்.

வம்பு எங்கே வருகிறது? தடித்த மைதா, அடுக்கடுக்காக சீஸ், கூடவே கோலா! சீஸில் கொழுப்போடு உப்பும் உண்டு. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பி.பி. உள்ள தாத்தா பார்க்க வேண்டியது இதைத்தான். சாப்பாடு எந்த தேசத்தது என்பதை அல்ல. பீட்ஸாவைத் திட்டிவிட்டு, ராத்திரி பரோட்டா பார்சல் வாங்கினால் அதுவும் மைதாதானே?

மாசம் ஒரு தடவை போய் வாருங்கள். மெல்லிய பீட்ஸா ஒன்றை நாலு பேர் பங்கிட்டு, காய்கறி கூடுதலாகக் கேளுங்கள். கோலாவுக்குப் பதில் தண்ணீர். மற்ற நாளைக்கு இட்லி இருக்கவே இருக்கிறது!